காதிரைச்சலுக்கு நேரில் சிகிச்சையா, இணையவழிச் சிகிச்சையா?



இரவு மணி பதினொன்று. வீட்டில் விளக்குகள் அணைந்துவிட்டன. தெருவில் வண்டிகளின் ஓட்டமும் ஓய்ந்துவிட்டது. ஊர் முழுவதும் உறங்கும் அந்த வேளையில் ஒருவர் மட்டும் படுக்கையில் புரண்டு கொண்டிருக்கிறார். அவருடைய காதுக்குள் சில்வண்டுகள் ஓயாமல் ரீங்காரம் செய்கின்றன. சன்னலைச் சாத்திப் பார்க்கிறார், ஓசை குறையவில்லை. காதைப் பொத்திப் பார்க்கிறார். ஓசை முன்னிலும் மிகுகிறது. அருகில் உறங்கும் மனைவியை எழுப்பி, "உனக்குக் கேட்கிறதா?" என்று வினவுகிறார். அந்த அம்மையாருக்கு ஒன்றும் கேட்கவில்லை. பிறர் எவருக்கும் கேளாத ஓசை தமக்கு மட்டும் கேட்கிறதே என்ற திகில் அப்போதுதான் அவர் மனத்தில் முதன்முதலாகத் தலைகாட்டுகிறது.

மத்திய இந்தியாவில் ஓர் இரும்பாலை நகரில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற தமிழன்பர் ஒருவர் என்னிடம் கூறிய செய்தி இது. மறுநாள் அவர் காது மருத்துவரிடம் சென்றார். கடைவீதிக்கும் ஆலைக்கும் போதுமான இந்தி அவருக்கு நன்றாகவே வரும். ஆயினும், மாலைப் பொழுது சாய்ந்தாலே நெஞ்சு படபடக்கிறது, தனக்குப் பித்துப் பிடித்துவிடுமோ என்று அச்சமாக இருக்கிறது என்பதையெல்லாம் எடுத்துரைக்க அந்த இந்தி போதவில்லை. மருத்துவர் காதைப் பார்த்தார். கேட்கும் திறனை அளந்தார். முதுமையாலும் ஆலை இரைச்சலாலும் நேர்ந்த செவித்திறன் குறைவு என்று கூறினார். "இதற்கு மருந்தில்லை. பழகிக்கொள்ள வேண்டியதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

மருத்துவர் கூறியது பொய்யன்று. ஆனால் அது பாதி உண்மை. "எப்படிப் பழகிக்கொள்வது?" என்று கேட்க அன்பருக்கு நாவெழவில்லை. அந்தக் கேள்விக்கு மருத்துவ உலகில் விடை உண்டு. அந்த விடையை நேரில் சென்றுதான் பெற வேண்டுமா, அல்லது வீட்டிலிருந்தபடியே இணையத்தின் வாயிலாகவும் பெறலாமா என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

ஓசை எங்கிருந்து பிறக்கிறது?

வெளியில் எவ்வித ஒலியும் இல்லாதபோது காதிலோ தலையிலோ ஓசை கேட்பதையே காதிரைச்சல் என்கிறோம். சிலருக்கு அது சில்வண்டின் ஒலி. சிலருக்குக் குக்கரின் சீழ்க்கை. வேறு சிலருக்கு மின்மாற்றியின் உறுமல். ஆங்கில மருத்துவர்கள் இதனை 'டின்னிட்டஸ்' என்பார்கள். மணி ஒலித்தலைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

நம் உட்காதில் நத்தைக் கூடு போன்று சுருண்ட உறுப்பொன்று இருக்கிறது. அதனுள் ஏறத்தாழ 15,000 நுண்மயிர்ச் செல்கள் வரிசையாக அமைந்துள்ளன. ஒலியதிர்வை நரம்புச் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவற்றின் பணி. பேரிரைச்சலாலோ, முதுமையாலோ, சில மருந்துகளாலோ இவை அழிந்தால் மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. செல்கள் அழிந்த பகுதியிலிருந்து செய்தி குறையும்போது மூளை வாளாவிருப்பதில்லை. நிலையம் சரியாகக் கிடைக்காத வானொலிப் பெட்டியில் நாம் ஒலியைக் கூட்டினால் கரகரப்பும் சேர்ந்து மிகுகிறதன்றோ? அவ்வாறே மூளையும் தன் உணர்திறனைக் கூட்டுகிறது. நரம்புகளில் இயல்பாகவே உள்ள சலசலப்பு அதனால் ஓசையாகக் கேட்கிறது. விஞ்ஞானிகள் பலரும் ஒப்புக்கொள்ளும் விளக்கம் இதுவே.

ஆகவே, காதிரைச்சல் பித்தின் அறிகுறியன்று, கற்பனையுமன்று. 1953ஆம் ஆண்டில் ஹெல்லர், பெர்க்மன் என்னும் இரு ஆராய்ச்சியாளர்கள், செவித்திறன் குன்றாத 80 பேரை ஒலி புகாத அறையில் அமரச் செய்தார்கள். அவர்களுள் நூற்றுக்கு 94 பேர் தங்களுக்கு ஏதோ ஓசை கேட்பதாகக் கூறினார்கள். முழு நிசப்தத்தில் ஏறக்குறைய எவருடைய காதும் பாடத்தான் செய்யும் என்பது இதனால் விளங்குகிறது. பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளியான கணக்கின்படி, வயதுவந்தோரில் ஏறத்தாழ நூற்றுக்கு 14 பேருக்குக் காதிரைச்சல் உண்டு. அதனால் கடுந்துன்பம் அடைவோர் நூற்றுக்கு 2 பேர் மட்டுமே. இசைமேதை பீத்தோவன், தம் காதுகள் இரவும் பகலும் இரைந்துகொண்டிருப்பதாக 1801ஆம் ஆண்டில் மருத்துவ நண்பர் ஒருவருக்கு எழுதினார். இத்துன்பத்தில் நாம் தனியர் அல்லேம்.

பதினான்கு பேருக்கு ஓசை கேட்க, இருவர் மட்டும் பெருந்துயருறுவது ஏன்? ஓசையின் அளவு மட்டுமே இதற்குக் காரணமென்று கூற இயலாது. மெல்லிய ஓசையால் நிலைகுலைந்தவர்களும் உண்டு. உரத்த ஓசையோடு நிம்மதியாக வாழ்பவர்களும் உண்டு. ஓசைக்கு மனம் அளிக்கும் பொருளில்தான் பெரும் வேறுபாடு இருக்கிறது. இருப்புப்பாதையை ஒட்டிய குடியிருப்பில் வாழும் தாய், நள்ளிரவில் கடந்து செல்லும் சரக்கு வண்டியின் பேரோசைக்கு விழிப்பதில்லை. ஆனால் தொட்டிலில் குழந்தை சற்றே சிணுங்கினாலும் எழுந்துவிடுகிறாள். வண்டியின் ஓசை ஆபத்தற்றது என்று அவள் மூளை தள்ளிவிட்டது. குழந்தையின் குரலையோ முக்கியமானதாகக் கொண்டுள்ளது. காதிரைச்சலை ஆபத்தின் அறிகுறியாக எண்ணி அஞ்சுபவரின் மூளை, அதனைக் குழந்தையின் அழுகுரலாகவே பாவித்துக் காத்திருக்கிறது. அச்சம் கவனத்தை இழுக்கிறது. கவனம் ஓசையைப் பெருக்குகிறது. பெருகிய ஓசை அச்சத்தை வளர்க்கிறது. செக்கைச் சுற்றும் மாட்டைப்போல் மனம் இதையே சுற்றிச் சுற்றி வருகிறது.

பழகுவதற்கும் ஒரு கல்வி

இந்தச் சுழற்சியை அறுப்பதற்கென அமைந்ததே சிந்தனை நடத்தைச் சிகிச்சை. மருத்துவர்கள் இதனைச் 'சி.பி.டி.' என்று சுருக்கிக் கூறுவர். மனச்சோர்வுக்காக 1960களில் அமெரிக்க அறிஞர் ஆரன் பெக் வகுத்த முறை, பின்னர் காதிரைச்சலுக்கும் ஏற்ப மாற்றியமைக்கப்பெற்றது. இதில் மாத்திரை இல்லை, ஊசி இல்லை. வாரந்தோறும் ஒரு பாடமாகச் சில பயிற்சிகளைக் கற்க வேண்டும். அவ்வளவே.

ஓசை எவ்வாறு பிறக்கிறது என்பதை விளங்கிக்கொள்வது முதற்பாடம். காரணம் தெரிந்தவுடனேயே பலருக்கு அச்சத்தில் பாதி அகன்றுவிடுகிறது. அடுத்து, உடலின் தசைகளை ஒவ்வொன்றாக இறுக்கித் தளர்த்தும் ஓய்வுப் பயிற்சி. பின்னர் கவனப் பயிற்சி: மின்விசிறியின் ஓசையைச் சற்று நேரம் கேட்டு, பிறகு காதிரைச்சலைக் கேட்டு, மீண்டும் மனத்தை விசிறியிடமே திருப்பும் பழக்கம். இதனால் கவனம் என்பது நம் கையிலுள்ள விளக்கு, அதனை வேண்டிய திக்கில் திருப்பலாம் என்பது அனுபவமாகிறது. இவற்றுக்கெல்லாம் மேலாக எண்ணங்களைச் சோதிக்கும் பயிற்சி உண்டு. "இந்த ஓசை இருக்கும்வரை எனக்கு உறக்கமே வாராது" என்று ஒருவர் எண்ணுகிறார். அதனை ஒரு தாளில் எழுதி, அருகிலேயே உண்மையையும் எழுதச் சொல்வார்கள். சென்ற வாரத்தில் எத்தனை இரவு உறங்கினோம், உறங்காத இரவில் வேறு கவலை எதுவும் இருந்ததா என்று கணக்குப் பார்த்தால், முதலில் எழுதிய வாக்கியம் தானாகவே இளைத்துவிடுகிறது. உறக்க ஒழுங்கும், முழு நிசப்தத்தைத் தவிர்த்து மெல்லிய ஒலியை அருகில் வைத்துக்கொள்ளும் முறையும் இக்கல்வியின் பிற பகுதிகளாகும்.

இம்முறையின் பயனையும் எல்லையையும் ஒருங்கே அறிந்துகொள்ள வேண்டும். 28 ஆய்வுகளையும் அவற்றில் பங்கேற்ற 2,733 பேரையும் கணக்கிலெடுத்து 2020இல் காக்ரேன் அமைப்பு ஒரு மதிப்பீட்டை வெளியிட்டது. அன்றாட வாழ்வைக் காதிரைச்சல் கெடுக்கும் அளவை இச்சிகிச்சை குறைக்கக்கூடும் என்பது அதன் முடிவு. ஓசையே மறைந்துவிடும் என்று அது கூறவில்லை. கூரையில் பெய்யும் மழை நிற்காது, ஒழுகல் நிற்கும். ஓசையை அடியோடு அகற்றும் மருந்து எதுவும் இன்றளவும் மெய்ப்பிக்கப்படவில்லை. ஜிங்கோ இலைச் சத்தினைக் காதிரைச்சலுக்குப் பரிந்துரைக்க வேண்டாம் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2014ஆம் ஆண்டு வழிகாட்டுதல் வெளிப்படையாகவே கூறியது. பத்தே நாளில் இரைச்சல் ஒழியும் என்று கைபேசியில் வரும் விளம்பரங்களுக்குப் பணம் அனுப்புவோர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

இணையம் புகுந்த வரலாறு

சிகிச்சை இருக்கிறது, ஆனால் அதனைக் கற்பிக்கத் தேர்ந்தவர்கள் எங்கும் மிகச் சிலரே. இக்குறையை நீக்கும் வழியாகவே இணையம் முதலில் எண்ணப்பட்டது. ஸ்வீடன் நாட்டு உளவியலறிஞர் கெர்ஹார்ட் ஆண்டர்சனும் அவருடைய துணைவர்களும் இத்துறையில் முன்னோடிகள். ஆறு பாடங்களாக அமைந்த சிகிச்சையை இணையத்தின் வழியே அளித்து, 117 பேரைக் கொண்டு அவர்கள் நடத்திய ஆய்வு 2002இல் வெளியாயிற்று. பாடங்களைப் பயின்றவர்களின் துயரம் குறைந்தது. ஆயினும் பலர் பாதியிலேயே விலகிவிட்டார்கள். இவ்விரண்டு செய்திகளையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

பின்னர் 2008இல் அதே நாட்டில் 51 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இணையவழியிலும் மற்றொரு பிரிவினருக்கு நேரில் குழுவாகவும் இச்சிகிச்சை அளித்துப் பார்த்தார்கள். பயனில் குறிப்பிடத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. இணையவழியில் சிகிச்சையாளர் செலவிட்ட நேரமோ மிகக் குறைவு. ஜெர்மனியில் 128 பேரைக் கொண்டு நடத்தி 2014இல் வெளியான ஆய்விலும் இரு முறைகளும் ஒத்த பயனையே அளித்தன. வெறும் கருத்துப் பரிமாற்றத்தோடு நின்ற மூன்றாம் பிரிவினரைவிட இவ்விரு பிரிவினரும் தெளிவான முன்னேற்றம் கண்டனர்.

நம் கேள்விக்கு மிக நெருங்கிய ஆய்வு இங்கிலாந்தில் நடைபெற்றது. எல்ட்ரே பியூக்ஸ் என்னும் அம்மையாரும் துணைவர்களும் கிழக்கு இங்கிலாந்தின் மூன்று மருத்துவமனைகளில் 92 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். 46 பேர் எட்டு வாரம் இணையவழிப் பாடங்களைப் பயின்றனர். ஒரு செவித்திறன் நிபுணர் அவர்களுக்குச் செய்தி வாயிலாக ஊக்கமும் விளக்கமும் அளித்துவந்தார். மற்ற 46 பேர் வழக்கம்போல் மருத்துவமனைக்குச் சென்று, சராசரியாக இரண்டு அல்லது மூன்று முறை நிபுணரை நேரில் கண்டனர். 2018இல் வெளியான முடிவின்படி இரு பிரிவினருக்கும் துயரம் குறைந்தது. எந்த முறையும் மற்றதற்குத் தாழ்ந்ததாகத் தோன்றவில்லை. உறக்கமின்மை மட்டும் இணையவழியில் பயின்றவர்களுக்கு மிகுதியாகக் குறைந்தது.

"பிறருக்குக் கேளாத ஓசையின் துயரத்தை எவ்வாறு அளந்தார்கள்?" என்று நேயர்கள் வினவலாம். 25 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று இதற்கு உண்டு. உறக்கம், கவனம், அமைதி, பிறர் பேச்சைக் கேட்டல் முதலியவற்றில் ஓசை எவ்வளவு குறுக்கிடுகிறது என்பதைப் பூஜ்யம் முதல் நூறு வரையான எண்ணாக அது தருகிறது. 13 புள்ளிகள் குறைந்தால் அது வாழ்க்கையில் உணரத்தக்க மாற்றம் என்று கொள்கிறார்கள். அதே ஆராய்ச்சியாளர்கள் 146 பேரைக் கொண்டு நடத்திய வேறோர் ஆய்வில், இணையவழிச் சிகிச்சை பெற்றவர்களுள் நூற்றுக்கு 51 பேர் உண்மையான பயன் அடைந்தனர். காத்திருந்தவர்களுள் அத்தகையோர் 5 பேரே. பாதிப் பேர் பயனடைந்தார்கள் என்றால், மறுபாதியினருக்கு அவ்வளவு பயன் கிட்டவில்லை என்பதும் அதிலேயே அடங்கியிருக்கிறது.

முடிவுகளை அளவறிந்து கொள்ளுதல்

இவ்வாய்வுகளைக் கேட்டவுடன், "அப்படியானால் மருத்துவமனைக்குச் செல்லவே வேண்டாம்" என்று சிலர் துணியக்கூடும். அது தவறு. மூன்று செய்திகளை இங்கே கருத்தில் கொள்ள வேண்டும்.

முதலாவது, இங்கிலாந்து ஆய்வில் இணையவழிச் சிகிச்சையோடு ஒப்பிடப்பட்டது வழக்கமான மருத்துவமனைக் கவனிப்பே. உளவியலறிஞர் ஒருவர் வாரந்தோறும் நேரில் அமர்ந்து அளிக்கும் முழுச் சிகிச்சையோடு அங்கே ஒப்பீடு செய்யப்படவில்லை. ஸ்வீடனிலும் ஜெர்மனியிலும் ஒப்பிடப்பட்டது குழுச் சிகிச்சை. ஆதலால், தேர்ந்த ஒருவர் நேரில் தனியாக அளிக்கும் சிகிச்சைக்கு இணையம் முற்றிலும் நிகர் என்று இவற்றைக் கொண்டு முடிவு கட்டுவது பொருந்தாது.

இரண்டாவது, 'இணையவழி' என்ற ஒரு சொல்லுக்குள் மூன்று பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. நிபுணருடன் காணொளியில் நேருக்கு நேர் உரையாடுவது ஒன்று. பாடங்களை நாமே பயில, நிபுணர் ஒருவர் வாரந்தோறும் நம் பயிற்சியைப் பார்த்து மறுமொழி எழுதுவது மற்றொன்று. எவருடைய துணையுமின்றிக் கைபேசிச் செயலியை இறக்கிக்கொண்டு தானே முயல்வது மூன்றாவது. மேலே கூறிய ஆய்வுகளில் பெரும்பாலானவை இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. அவற்றின் நற்பெயரை மூன்றாவது வகைச் செயலிகள் இரவல் வாங்கிக்கொள்ள இடம் கொடுக்கலாகாது. வழிகாட்டி இருந்தால்தான் பலர் இறுதிவரை செல்கிறார்கள். இல்லையேல் மூன்றாம் பாடத்திலேயே பயிற்சி நின்றுவிடுகிறது.

மூன்றாவது செய்தி மிகவும் இன்றியமையாதது. பாடத்தைத் தொடங்குமுன் காதை மருத்துவர் சோதித்திருக்க வேண்டும். காதில் அடைத்துள்ள குறும்பியைக் கணினித் திரை எடுத்துவிடாது. செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று அது உற்று நோக்காது. ஒலி புகாத அறையில் அமர்த்திக் கேட்கும் திறனை அளப்பதும், கேட்கும் கருவியைக் காதுக்குப் பொருத்துவதும் பெரும்பாலும் நேரில் செய்ய வேண்டிய வேலைகள். செவித்திறன் குறைந்தவர் பலருக்குக் கேட்கும் கருவி ஒன்றே காதிரைச்சலைப் பெரிதும் தணித்துவிடுகிறது.

சில அறிகுறிகள் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது. திடீரென ஒரு காது கேளாமற் போவது அவற்றுள் தலையாயது. அது அவசர நோய். தொடக்கத்திலேயே மருந்தளித்தால்தான் கேள்வியைக் காக்கும் வாய்ப்பு மிகுதி. ஒரே காதில் மட்டும் நீங்காத இரைச்சல், நாடித்துடிப்போடு இசைந்து 'டக் டக்'கென்று கேட்கும் ஓசை, தலைச்சுற்றல், காதில் சீழ் அல்லது இரத்தம், முகத்தில் ஒரு பக்கம் இழுத்தல், தலையில் அடிபட்டபின் தொடங்கிய ஓசை ஆகியவற்றுக்கும் நேரில் மருத்துவரைக் காண்பதே முறை. ஒரு பக்க இரைச்சலுக்குப் பின்னே செவி நரம்பில் கட்டி இருப்பது அரிதே. ஆயினும் அரிதென்பதற்காகச் சோதிக்காமல் விடுவது அறிவுடைமையாகாது. காய்ச்சிய எண்ணெயைக் காதில் ஊற்றுவதும், ஊக்கும் பஞ்சுக்குச்சியும் கொண்டு குடைவதும் நம் வீடுகளில் நெடுநாளாக உள்ள பழக்கங்கள். இவற்றால் விளைந்த நன்மையைவிடத் தீமையே பெரிது.

பிற மாநிலத்தில் வாழும் நமக்கு

இனி, நம்மை நேரே தொடும் ஒரு செய்திக்கு வருவோம். எலும்பு முறிந்தவர் வாய் திறவாமலிருந்தாலும் மருத்துவர் படமெடுத்து அறிந்துகொள்வார். காதிரைச்சலின் துயரமோ சொல்லால் மட்டுமே வெளிப்படுவது. அதற்கான சிகிச்சையும் சொல்லாலேயே நடைபெறுவது. மனத்தில் ஓடும் எண்ணத்தைப் பிடித்துத் தாளில் எழுத வேண்டுமென்றால், அந்த எண்ணம் எந்த மொழியில் ஓடுகிறதோ அந்த மொழியே வேண்டும். மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் நாற்பதாண்டு வாழ்ந்தவர்கூட நள்ளிரவில் அஞ்சுவது தாய்மொழியில்தான்.

மேலே கண்ட ஆய்வுகளில் ஸ்வீடனில் ஸ்வீடிஷ் மொழியிலும் ஜெர்மனியில் ஜெர்மன் மொழியிலுமே பாடங்கள் அளிக்கப்பெற்றன. அமெரிக்காவில் வாழும் ஸ்பானிய மொழியினருக்காக ஆங்கிலப் பாடங்களை மொழிபெயர்த்தபோது, சொற்களை மட்டுமன்றி உதாரணங்களையும் அம்மக்களின் வாழ்க்கைக்கேற்ப மாற்றினார்கள், நடையையும் எளிதாக்கினார்கள். மொழி என்பது இச்சிகிச்சையின் உறையன்று, மருந்தின் ஒரு பகுதியே என்பதை அவர்கள் உணர்ந்திருந்தார்கள்.

இங்கேதான் இணையம் நமக்குப் பெருந்துணையாகிறது. காதைச் சோதிப்பதற்கு நாம் வாழும் ஊரின் மருத்துவரே போதும்; அதற்கு அந்த ஊர் மொழியில் சில வாக்கியங்கள் போதும். மனத்தைத் திறந்து பேசுவதற்கோ சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ உள்ள தமிழறிந்த உளவியலறிஞரையோ ஆடியாலஜிஸ்டையோ காணொளியில் அணுகலாம். பதிவு பெற்ற மருத்துவர்கள் தொலைவிலிருந்து ஆலோசனை வழங்குவதற்கான நெறிமுறைகளை மத்திய அரசு 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் வெளியிட்டது. இரயில் கட்டணமும் விடுப்பும் செலவிட்டு ஊருக்குச் சென்று, ஒரு முறை மட்டும் மருத்துவரைக் கண்டு திரும்புவதைவிட, வாரம் ஒரு முறை அரை மணி நேரம் தொடர்ந்து பேசுவது இந்நோய்க்குப் பொருத்தமானது.

இதிலும் இடர்ப்பாடுகள் உண்டு. செவித்திறன் குறைந்தவருக்குக் கைபேசியின் சிறிய ஒலி தெளிவாகக் கேளாது. அத்தகையோர் எழுத்து வடிவில் பாடம் பயில்வதே வசதி. ஒரே அறையில் ஐவர் வாழும் குடியிருப்பில் மனத்துயரைத் தனியே பேச இடம் கிடைப்பது அரிது. மருத்துவமனையின் மூடிய கதவு அங்கே பெரும்பேறு. முதியவர்களுக்குப் பிள்ளைகளோ பேரக்குழந்தைகளோ கருவியை இயக்கித் தர வேண்டும். தந்தபின் அறையை விட்டு வெளியே செல்லவும் வேண்டும். மேலும், எதிரில் அமர்ந்திருப்பவரின் கனிந்த முகமும், "கவலைப்படாதீர்கள் ஐயா" என்று கையைப் பற்றும் பரிவும் திரையில் முழுமையாகக் கிட்டுவதில்லை. கடும் மனச்சோர்வில் இருப்பவருக்கு நேரில் துணை அவசியம். 2020இல் இங்கிலாந்தின் தேசிய மருத்துவ வழிகாட்டுதல் இதனைப் படிமுறையாக வகுத்தது: முதலில் இணையவழிப் பாடம், அது போதாதபோது குழுச் சிகிச்சை, அதற்கும் மேல் தனிநபர் சிகிச்சை. இரண்டு முறைகளும் ஒன்றுக்கொன்று பகையல்ல, ஒரே ஏணியின் படிகள் என்பதே இதன் பொருள்.

ஆகவே, காதிரைச்சலால் வருந்தும் அன்பர்களுக்குச் சுருக்கமாகக் கூறுவது இது: முதலில் அருகிலுள்ள காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சென்று காதையும் கேட்கும் திறனையும் சோதித்துக்கொள்ளுங்கள். சோதனையின் தாளான ஆடியோகிராமைப் பத்திரமாக வைத்திருங்கள். பின்னர் தொலைவிலிருந்து ஆலோசனை கூறுபவருக்கு அது பயன்படும். 1965இல் மைசூரில் நிறுவப்பெற்ற அகில இந்தியப் பேச்சு, செவித்திறன் நிறுவனமும், மும்பை பாந்த்ராவிலுள்ள அலி யாவர் ஜங் தேசிய நிறுவனமும் இத்துறையில் தேர்ந்த அரசு நிறுவனங்கள். அவ்வூர்களுக்கு அருகில் வாழ்வோர் அவற்றை நாடலாம். மருத்துவர் "ஆபத்தில்லை" என்று கூறியபின்னும் துயரம் நீங்காவிடில், இணையவழியில் உதவி தேடுங்கள். உதவுபவர் பதிவு பெற்றவரா, வாரந்தோறும் நம் பயிற்சியைப் பார்ப்பவரா, ஓசையை அடியோடு போக்குவேன் என்று பொய்யுறுதி தராதவரா என்ற மூன்றையும் விசாரித்த பிறகே பணம் செலுத்துங்கள்.

ஓசையின் துயரத்தால் வாழ்வே வேண்டாமென்ற எண்ணம் எழுந்தால், விடியும்வரைகூடக் காத்திராதீர்கள். வீட்டிலுள்ள ஒருவரை எழுப்பிச் சொல்லுங்கள். 2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' என்னும் மத்திய அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம். அதில் தமிழிலும் பேசலாம்.

தொடக்கத்தில் கூறிய அன்பருக்கு என்னவாயிற்று? அவருடைய மகள், தமிழ்நாட்டிலுள்ள நிபுணர் ஒருவருடன் காணொளியில் பேச ஏற்பாடு செய்தார். அந்நிபுணர் எடுத்த எடுப்பிலேயே பாடத்தைத் தொடங்கவில்லை. உள்ளூரிலேயே கேட்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு வருமாறு கூறினார். அதன்பின் சில வாரங்கள் பாடம் நடந்தது. இரவில் விசிறியை மெல்லச் சுழலவிட்டு, வானொலியையும் தாழ்ந்த ஒலியில் வைத்துப் படுக்கப் பழகினார். தம் அச்சங்களைப் பழைய கணக்குப் புத்தகமொன்றில் தமிழில் எழுதிவந்தார்.

சில மாதங்களுக்குப் பின் அவரைச் சந்தித்தபோது, "இப்போது அந்த ஓசை இருக்கிறதா?" என்று கேட்டேன். சற்றே செவி சாய்த்தார். பிறகு சிரித்துக்கொண்டே, "இருக்கத்தான் இருக்கிறது. நீங்கள் கேட்ட பிறகுதான் எனக்கே நினைவு வந்தது" என்றார்.